மாதம் ஒரு முடிவெட்டு

“எலி கடிச்ச மாதிரி வெட்டி விடுறார். அந்த ஆளுகிட்டப் போக ரெண்டு மணி நேரம் கார் ஓட்டணுமா?” வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள் டாக்டரின் மனைவி. கல்யாணமான பிறகு அன்றுதான் முதல்முறையாகக் கூட வந்திருந்தாள்.

“வந்துதான் பாரேன்” என்றார் டாக்டர்.

சலூனில் ஒரே ஒரு நாற்காலி. பெஞ்சில் ஒரு வக்கீல், ஒரு இன்ஜினியர், தலையில் முடியே இல்லாத ஒரு பேங்க் மேனேஜர். கத்தரியோடு நின்ற பெரியவருக்குக் கை நடுங்கியது.

“மேனேஜருக்கு எதை வெட்டுவாராம்?” அவள் கணவரின் காதைக் கடித்தாள்.

டாக்டர் சிரித்தார். “அவர் முடிவெட்டுறவரே இல்லம்மா. எங்க கணக்கு வாத்தியார். சண்டை நடந்தப்போ பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. பிள்ளைங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தாலே துப்பாக்கியோட வந்து மிரட்டுவாங்க. சலூன்ல உட்கார்ந்தா யார் கேக்கப் போறா? சார் ஒரு கத்தரியை வாங்கிட்டு, சலூன்னு போர்டை மாட்டி, உள்ள எங்களுக்குப் பாடம் நடத்தினார். பூட்ஸ் சத்தம் கேட்டா, நாற்காலியில எவன் இருக்கானோ அவன் முடி போச்சு!”

“சண்டைதான் எப்பவோ முடிஞ்சிடுச்சே?”

“சாரும் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய், ரிட்டையரும் ஆயிட்டார். மாசத்துல இந்த ஒரு நாள் எங்களுக்காக மட்டும் கடையைத் திறக்குறார்.”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். “அங்க என்னடா பேச்சு? எல்லாரும் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க.”

நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். அந்த நாளில் உதட்டுக்குள்ளேயே சொன்னதை இப்போது தொண்டை கிழியக் கத்திச் சொன்னார்கள்.

பெரியவர் போய், தெருவுக்கே கேட்கட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்.