கூப்பிட்டது யார்?

“பத்துத் தடவை அளந்தாச்சு. பத்துத் தடவையும் அலோயிஸ் எழுதின இடத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் என்னம்மா உனக்குச் சந்தேகம்?”

ராடோவான் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். பிர்னோ நகரில், பஸ் இருக்கைப் பதிவுக்கு மென்பொருள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவர்தான் குழுத் தலைவர். கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்கியதிலிருந்து சர்வர் நொண்டிக்கொண்டிருந்தது. யார் தலையையாவது உருட்டியாக வேண்டும். அலோயிஸின் தலை வசதியான உயரத்தில் இருந்தது.

“நிக்கிற இடம் தெரியுது. அதைக் கூப்பிட்டது யாருன்னு தெரியலையே,” என்றாள் ஹெத்விகா.

அவளுக்கு இயங்குதளத்தின் அடிவயிறான கெர்னலில் வேலை. ஓடுகிற நிரலை விநாடிக்கு நூறு முறை நிறுத்தி, இப்போது என்ன செய்கிறது என்று கெர்னல் குறித்துக்கொள்ளும். ஒரு வேலையை இன்னொன்று கூப்பிட்டிருக்கும், அதை வேறொன்று கூப்பிட்டிருக்கும். யார் யாரிடம் திரும்ப வேண்டும் என்ற முகவரிகள் நினைவகத்தில் அடுக்காகக் கிடக்கும். அந்த அடுக்கில் படிப்படியாகப் போனால் முதலில் கூப்பிட்டவரைப் பிடித்துவிடலாம். ஆனால் துளி வேகம் கூடும் என்று, அடுக்கில் வழி காட்டும் குறிகளை இந்தக் கம்பெனியில் என்றைக்கோ நீக்கிவிட்டார்கள். கெர்னல் முதல் படியிலேயே திருதிருவென விழித்தது. கடைசியாகக் கையில் வேலையோடு நின்றவர் அலோயிஸ். அவர்தான் அதன் கண்ணில் பட்டார்.

“குறியைத் திரும்பப் போடலாமே?” என்றாள்.

“ஒரு சதவீதம் வேகம் போயிடும். என்னால சம்மதிக்க முடியாது.”

“இப்பவே நாப்பது சதவீதம் போயிடுச்சே.”

“அது அலோயிஸால போனது. இது உன்னால போகும்.”

ஹெத்விகா பல்லைக் கடித்துக்கொண்டாள். “சரி, குறி வேண்டாம். திரும்புற முகவரி எங்க இருக்குன்னு ஒரு சின்ன அட்டவணையை நிரலோடயே சேர்த்துடலாம். கெர்னல் அதைப் படிச்சுக்கிட்டே போகட்டும். நான் எழுதித் தரேன்.”

“தாராளமா எழுது. மூணு வாரம் இருக்கு. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை அலோயிஸுக்கு வேலைநீக்க லெட்டர் போயிடும்.”

கேன்டீனில் அலோயிஸ் தனியாக உட்கார்ந்து சோம்புக்கீரைக் குழம்பில் மாவு உருண்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருப்பவர். இருக்கைப் பட்டியலை வரிசைப்படுத்தும் பகுதி அவர் எழுதியது.

“யாரோ உங்க பகுதியைத் தேவையில்லாம கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா?” என்று கேட்டாள் ஹெத்விகா.

“எதுக்கு ஹெத்விகா? விடுங்க. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?”

“உங்க பேரைக் கெடுக்கிறாங்க.”

“கெடுத்துட்டுப் போகட்டும். ராடோவானும் பாவம், யாரையாவது சொல்லணும்ல.”

இப்படியும் ஒரு மனிதரா என்று அவள் வியந்தாள். அன்றைக்கே சபதம் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வேலை செய்தாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஊருக்குப் போகவில்லை. நான்காவது வாரம் வியாழக்கிழமை காலை, கெர்னல் தட்டுத் தடுமாறாமல் அடுக்கின் கடைசிப் படிவரை போய்ச் சேர்ந்தது.

பதினொரு மணிக்குக் கூட்டம். இயக்குநர் விளாஸ்தா அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அலோயிஸின் பகுதியில் தொடங்கி ஐந்து படிகள். ஐந்தாவது படியில் இருந்தது நடைக்கூடத்துப் பெரிய மின்னணுப் பலகை. வருகிற விருந்தாளிகள் பார்ப்பதற்காக, அன்றைக்கு விற்ற டிக்கெட்டுகளை வண்ணக் கோடுகளாக ஆட்டிக் காட்டும் பலகை. கோடு ஒவ்வொரு முறை அசையும்போதும் நாட்டிலுள்ள அத்தனை பஸ் இருக்கைகளையும் முதலிலிருந்து வரிசைப்படுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இதை எழுதினது யாரு?”

“அது சும்மா அழகுக்காக நான்…” என்றார் ராடோவான்.

“அழகுக்காக நிமிஷத்துக்கு நாப்பதாயிரம் தடவையா?”

“நான் ஒரு தடவைதான் மேடம் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டது லூப்.”

“அந்த லூப்பை எழுதினது?”

ராடோவான் தண்ணீர் குடித்தார்.

விளாஸ்தா அம்மையார் கோப்பிலிருந்து வெள்ளிக்கிழமைக்கான கடிதத்தை எடுத்து உதவியாளரிடம் நீட்டினார். “நல்லாத்தான் எழுதியிருக்கு. பேரை மட்டும் மாத்துங்க.”

ஹெத்விகா இரண்டு மாடி ஏறி ஓடினாள். அலோயிஸ் தன் மேஜை இழுப்பறைகளைக் காலி செய்து, கள்ளிச்செடித் தொட்டியை அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

“அலோயிஸ், எல்லாத்தையும் மறுபடி இழுப்பறையில வைங்க. நீங்க போக வேண்டாம். கூப்பிட்டது யாருன்னு நிரூபிச்சிட்டேன்.”

அலோயிஸ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கள்ளிச்செடித் தொட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா ஹெத்விகா?”

“என்ன சொல்றீங்க?”

“எதிர்க் கட்டடத்துப் போட்டிக் கம்பெனியில அடுத்த மாசம் சேர்றேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நானா விலகினா ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு இங்க ஒப்பந்தம். இவங்களா வெளிய அனுப்பினா அந்தத் தடை கிடையாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பலகைதான் கூப்பிடுதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”