பாடாமல் விட்ட இடம்

"அந்தப் பாட்டைக் கேசட்டாப் போட மட்டும் விடமாட்டேன். வந்த ஜீப்புலயே கீழ இறங்குங்க தம்பி," என்றார் எஸ்டேட் மேஸ்திரி பால்பாண்டி.

போடியில் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கும் காசிராஜன் அசையவில்லை. பழைய சாமான் கடையில் அவனுக்கு ஓர் இசைத்தட்டு கிடைத்திருந்தது. உறையில் 'மஞ்சுக் கூட்டம், 1974' என்று மட்டும் இருந்தது. எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்மும் ஆர்கனும் சேர்ந்து ஆளை எங்கேயோ தூக்கிக்கொண்டு போயின. மூடுபனிக்குள் கண்ணை மூடி நிற்கிற மாதிரி ஒரு கிறக்கம். வாசித்தவர்கள் யாரென்று கேட்டுக் கேட்டே மலையேறி, அதில் கிதார் வாசித்த பால்பாண்டியிடம் வந்துவிட்டான்.

"கடையில போட்டா ரோட்டுல போறவன் நின்னு கேக்குறான்ணே. பத்து வருசமா இது யாருக்கும் தெரியாமப் போச்சே! வெறும் வாத்தியத்துலயே இப்படி மயக்குறீங்களே!"

"வெறும் வாத்தியமா?" பால்பாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது பாதிப் பாட்டு தம்பி. சீசன் முடிஞ்சா, ஏலக்காய் உலர்த்துற இந்த அறை காலியாக் கிடக்கும். இதுக்குள்ளதான் வாசிச்சுப் பழகினோம். காய் பிரிக்க வர்ற பொண்ணு ஒருத்தி, கூடவே வார்த்தை கட்டிப் பாடுவா. அவ குரலுக்காகத்தான் வாசிச்சதே."

"அப்புறம்?"

"மதுரையில ரெக்கார்டிங். நாங்க முன்னாடி போயிட்டோம், அவ மறுநாள் வரணும். அதுக்குள்ள மாமன் வீட்ல இருந்து பொண்ணு கேட்டு வந்துட்டாங்க. முறைமாப்பிள்ளை வந்து நின்னா யாரு மறுக்கிறது? வெரசா தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டானாம். அவ பாட வேண்டிய இடத்தை அப்படியே விட்டு வாசிச்சோம். அன்னியோட நான் கிதாரைத் தொடலை. அவ குரல் இல்லாம அது வெளிய வரக்கூடாது."

காசிராஜன் வாசலுக்குப் போனான். வெளியே ஏலச்செடிகளை மூடியிருந்த பனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவ பேரு சந்திரவல்லியாண்ணே?"

பால்பாண்டி திடுக்கிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்பத்தான்ணே தெரிஞ்சது. இந்தத் தட்டை வீட்ல போட்டதுல இருந்து என் பொண்டாட்டி அடுப்படியில நின்னு வார்த்தையோட பாடுறா... நான் தாலி கட்டினதுக்குப் பெறகு அவ பாடிக் கேட்டதே இப்பத்தான்."