வாளிக்கு வந்த சந்தேகம்

குளியலறை வாசலில் இருந்த மூடி போட்ட வாளிக்கு அன்று காலையிலிருந்தே தலை சுற்றியது.

முதலில் பூவண்ணன் வந்தான். "என் ராசாத்தி கக்கா போயிட்டாளா!" என்று மகளைக் கொஞ்சியபடியே அவளுடைய டயப்பரை உள்ளே போட்டான். கொஞ்ச நேரத்தில், படுக்கையில் கிடக்கும் தன் அப்பாவின் டயப்பரோடு வந்தான். "சே, வீடே நாறுது!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியை ஒரு எத்து எத்திவிட்டுப் போனான்.

வாளி பக்கத்திலிருந்த தூபக்காலிடம் கேட்டது: "எனக்குள்ள ரெண்டும் ஒரே நாத்தம்தானேண்ணே அடிக்குது?"

"என்னமோ போ தம்பி. பெரியவர் ரூமுக்கு மட்டும்தான் எனக்குச் சாம்பிராணி போடுறாங்க."

வாளி மூடியை இறுக்கிக்கொண்டு கேட்டது:

"அப்போ, இனிமே யாரோடதுன்னு பார்த்து நாறணுமாண்ணே?"