சாத்திய ஜன்னல்

பிரான்சின் அவிஞோன் நகரில், பழைய போப்பாண்டவர் அரண்மனைக்குப் பின்சந்தில் குடியிருந்த ஒனொரினுக்குச் சுற்றுலாக்காரர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தினமும் மாடி ஜன்னலில் நின்று திட்டுவாள். மிஞ்சினால் வாளித் தண்ணீரும் வரும்.

"அரண்மனை அந்தப் பக்கம் இருக்கு. என் வாசல்ல என்னடா வேலை?"

வழிகாட்டி காஸ்பார் பல்லைக் காட்டுவான், அவ்வளவுதான்.

திட்டித் திட்டித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இன்று ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தாள். கீழே வந்த கூட்டமோ நகரவே இல்லை.

"இந்த வீடுதானே? ஏன் மூடியிருக்கு?" என்றாள் ஒருத்தி.

காஸ்பார் தொப்பியைக் கழற்றினான். "நேத்து போய்ச் சேர்ந்துட்டா, பாவம். சாகறப்ப என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக்கூடக் கேட்டா."

உடைக்காத குறையாக ஜன்னலைத் திறந்தாள் ஒனொரின்.

"யாருடா செத்தது? உன்கிட்டப் போய் நான் மன்னிப்புக் கேட்டேனா, நாயே?"

வாளி கவிழ்ந்தது. கீழே ஒரே கைதட்டல். கேமராக்கள் அத்தனையும் மேலே திரும்பின.

சொட்டச் சொட்ட நின்ற காஸ்பார் கூட்டத்திடம் சொன்னான்: "அரண்மனை வேண்டாம், இந்தக் கிழவியைத்தான் பாக்கணும்னு அடம்பிடிச்சீங்களே! நல்லாப் பாத்துக்குங்க."