ஒரே ஒரு பீஸ்

"சகிக்கல!" என்று வாட்சைத் தட்டிலேயே திருப்பி வைத்தார் வேணுகோபால். "மூணு வருஷம் காக்க வச்சு, கடைசியில இதையா அனுப்பியிருக்கான் சுவிஸ்காரன்?"

தில்லைநகர் கடிகாரக் கடையின் மாடி அறை. வேணுகோபால், டாக்டர் பெஞ்சமின், இரும்பு வியாபாரி ஹாலித் மூவருமே உயர்ரகக் கடிகாரம் சேர்க்கிறவர்கள், நெடுநாள் சிநேகிதர்கள். அந்த சுவிஸ் கம்பெனி திருச்சிக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பீஸ். ஒருவருக்கு மேல் ஆசைப்பட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவது அவர்கள் வழக்கம்.

பெஞ்சமின் அதை எடுத்துக் கையில் கட்டிப் பார்த்தார். "டயல் எவர்சில்வர் தட்டு கணக்கா இருக்கு. உள்ள மெஷினும் அதே பழசுதான்" என்றவர், கழற்ற மறந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு ஆசையா வந்தேன் தெரியுமா வேணு? மனசே விட்டுப்போச்சு" என்றார் ஹாலித். "எனக்கு வேண்டாம்பா."

"விடுங்க பாய். அடுத்த வருஷம் நல்லதா ஒண்ணு வராமலா போயிடும்?" வேணுகோபால் அவர் தோளில் தட்டினார்.

கடை மேனேஜர் சம்ரீனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப திருப்பி அனுப்பிடட்டுமா ஸார்?"

"தாராளமா அனுப்பும்மா!" மூவரும் சொல்லிவைத்தாற்போலச் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேர்ந்தும் வேணுகோபாலுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வெள்ளி டயல்தான் மின்னியது. அப்படியொரு வாட்சை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. குலுக்கிப் போட்டபோதெல்லாம் தோற்றவர் அவர். இந்தத் தடவை சீட்டே எழுத விடக்கூடாது என்றுதான் முதல் ஆளாக முகத்தைச் சுளித்தார். பாவம், மற்ற இருவரும் நம்பிவிட்டார்கள்.

"பேங்க்ல ஒரு வேலை" என்று எழுந்தார்.

"வெயில் தாழட்டுமேன்னா கேக்கிறீங்களா?" என்றாள் மனைவி ரெங்கநாயகி. அதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

காவிரிப் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்தபோது ஹாலித்தின் வாடின முகம் நினைவுக்கு வந்தது. தனக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ராப்பகலாகக் கிடந்த மனுஷன். பெரிய டாக்டர்களிடம் பேசி, கூடவே நின்று பார்த்துக்கொண்டவர் பெஞ்சமின். இப்படிப்பட்டவர்களையா ஏமாற்றினோம் என்று நெஞ்சு உறுத்தியது. மூவரில் தான் ஒருவன்தான் அயோக்கியன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆனாலும் காரைத் திருப்பவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் சம்ரீனை ஓரமாக அழைத்தார். "அந்த வாட்சை அனுப்பிடலையேம்மா? எனக்கு வேணும். ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் தெரியவே கூடாது."

சம்ரீன் சங்கடத்தோடு மாடிப்படியைப் பார்த்தாள்.

"அந்த வாட்ச் எனக்குத்தான்னு அடிச்சுக்காத குறையா, அவங்க ரெண்டு பேரும் மேலதான் ஸார் இருக்காங்க."