முட்டை சொன்ன சாட்சி

“நம்ம சங்கரன்கோவில்லயே நல்ல விதை கிடைக்கும். உங்க அப்பா ராயகிரில இருந்து பஸ்ல ஏத்திவிட்ட இந்த நெல்லு பாதி மிதக்கும் பாரு,” என்றான் மகாராஜன், வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்தபடி.

“மிதக்கலேன்னா?” என்றாள் அவன் மனைவி செண்பகவல்லி.

“பொங்கலுக்கு அவரு நெல்ல எல்லாம் பதருன்னு சொன்னேம்லா, அதுக்கு உடனே அவருக்கு போன் போட்டு மன்னிப்புக் கேக்கேன். ஏட்டி, ஒரு முட்டை எடுத்துட்டு வா. முட்டை மிதக்குத அளவுக்கு உப்பு கரைஞ்சாத்தான் லேசான நெல்லு மேல வரும். அதத் தள்ளிட்டுக் கனத்தத விதைச்சாத்தான் நாத்து திடமா எழும்பும்.”

அவள் கொண்டுவந்த முட்டை, இரண்டு கை உப்புக்கே மேலே வந்து நின்றது. மகாராஜன் நெல்லைக் கொட்டினான். நாலைந்து பதர் தவிர அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்தது.

செண்பகவல்லி போனைப் போட்டு அவன் காதில் வைத்தாள்.

“மாமா... உங்க நெல்லு அருமை. அன்னைக்கு நான் பேசினது தப்பு.”

மாமனார் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியேயும் கேட்டது.

“அந்த முட்டையில ஒரு ஆம்லேட்டாவது போட்டுக் குடு,” என்றான் மகாராஜன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“ஐயய்ய, அது ஒரு மாசத்துக்கு முந்தி வாங்கினது. கெட்டுப்போன முட்டை பச்சத் தண்ணியிலயே மிதக்கும்லா?”

சொல்லிவிட்டு, ஒரு புது முட்டையையும் முழு உப்புப் பாக்கெட்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

“இப்ப ஒழுங்கா சோதிச்சுப் பாருங்க. எவ்வளவு மிதந்தாலும் எங்கப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க.”