ஒட்டாத ஒட்டு

முகப் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை பூசிக்கொண்டு அவள் பக்கவாட்டு முற்றத்துக்கு வந்தாள்.

மதில் மேல் கையூன்றி நின்ற அடுத்த வீட்டுத் தையல்காரர் சிரித்தார். போன மாதம்தான் குடிவந்தவர். "என்னம்மா, முகத்தை விட்டுட்டுக் கைக்குப் பூசறீங்க? எங்கே விசேஷம்?"

"இதோ, இங்கதான்" என்று காட்டினாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே, இரண்டு பழைய டயர்களின் மேல், ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அவள் சொந்தமாக வாங்கிய முதல் படகு. விற்ற ஆளே மனசு கேட்காமல், "யோசிச்சுதான் வாங்கறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்கிப் போட்டுப் போனார்.

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. அண்ணன் இப்படி ஆனதே படகாலதானே? அதையே கொண்டாந்து அவர் கண்ணு முன்னாடி கவிழ்த்து வெச்சிருக்கீங்களே!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவள் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இருபது வருஷம் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் சூறைக்காற்றில் படகு கவிழ்ந்து ஒரு பெண் இறந்துபோனாள்.

அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. தட்டை வைத்தால் சாப்பிடுவார், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "அவரா எழுந்து வரணும். நம்ம கையில ஒண்ணுமில்லைம்மா" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

முதல் நாள், ரெசின் பசையில், அதை இறுக வைக்கும் ஹார்டனரைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினாள். பிரஷை எடுப்பதற்குள் டப்பா சூடேறிப் புகைய ஆரம்பித்தது.

"ஐயையோ, தூக்கிப் போடுங்க!" தையல்காரர் கத்தினார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த முறை ஹார்டனரைச் சொட்டுக் கணக்கில் விட்டாள். மூன்று நாள் வெயிலில் கிடந்தும் ஒட்டு காயவில்லை. பிசுபிசுவென்று கிடந்த அதன் மேல் சருகும் ஈயும் ஒட்டிக்கொண்டன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இது காயவே மாட்டேங்குதுங்க. என்ன பண்றது?" என்று கேட்டாள். அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

அன்று அவள் படகில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கம்பெனியில் காலை ஷிஃப்ட், வந்ததும் சமையல், அப்புறம் இந்தப் படகு. எதைச் செய்தும் அந்த முதுகு திரும்பவில்லை. இனி என்னதான் செய்வது என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தையல்காரரால் தாங்க முடியவில்லை. "பேசாம எடைக்குப் போட்டுடுங்கம்மா. உங்களுக்கு இது சரிப்படாது."

"ஒரே ஒரு தடவை பார்த்துடறேங்க" என்றாள்.

மறுநாள் விரிசலைச் சுற்றியிருந்த பழைய நீலப் பெயிண்டைச் சுரண்டாமலேயே, அதன்மேல் ஃபைபர் இழைப் பாயை விரித்து ரெசினைத் தடவத் தொடங்கினாள். பாதி தடவியிருப்பாள்.

"பெயிண்ட் மேல ஒட்டாது."

துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்ததுபோல் இருந்தது அந்தக் குரல். திரும்பினால் எங்கே அவர் மறுபடி படுத்துவிடுவாரோ என்று திரும்பாமலே கேட்டாள். "என்னங்க சொன்னீங்க?"

"சுரண்டிட்டு ஒட்டு."

பாயை உரித்துப் போட்டுவிட்டு, உப்புத்தாளை எடுத்து ஓரத்தில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். ஜன்னலில் பெருமூச்சு கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெறுங்காலோடு அவர் வந்து நின்றார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை; அவ்வளவு மெலிந்திருந்தார்.

"இப்படியா தேய்ப்பாங்க? கொடு இங்கே."

அதற்கப்புறம் இருபது நாள். அவர் தேய்த்தார், அவள் ரெசின் கலந்தாள். அவர் அளவு சொன்னார், அவள் தலையாட்டினாள். நடுநடுவே அவர் வேலையை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பார். அவள் எதுவும் கேட்காமல் பிரஷை அவர் கையில் திணிப்பாள். ஒருநாள் அவரே அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாள் மூன்று பேருமாகப் படகை நிமிர்த்தி, ஹோஸைப் போட்டு உள்ளே தண்ணீர் நிரப்பினார்கள். தையல்காரர் குனிந்து அடியில் செய்தித்தாளை விரித்தார். ஒரு சொட்டு நனையவில்லை.

"அண்ணே, நீங்க மட்டும் வரலைன்னா இந்தம்மா படகோட சேர்த்து என் வீட்டையும் கொளுத்தியிருப்பாங்க!"

அவர் சிரித்தார். சத்தம் வந்த சிரிப்பு. தையல்காரர் போனபின், படகு விளிம்பைத் தடவிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ஆத்துல இறக்கலாம். முதல்ல நான் மட்டும் ஓட்டிப் பார்க்கறேன்" என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேளை, நீங்க வந்தீங்க. எனக்கு இந்த ஃபைபர் வேலையெல்லாம் என்னங்க தெரியும்?"

ஃபைபர் தூள் அரிக்காமலிருக்க அவள் கையில் பூசியிருந்த பவுடரை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பதினாலு வருஷமா கம்பெனியில ஃபைபர் டேங்க் செய்யறவளுக்கு இது தெரியாதுன்னு நம்பியா நான் எழுந்து வந்தேன்?"